சிவப்பு ஐசி வீட்டில் யாருக்கெல்லாம் ஓட்டு உண்டு?

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆலையில் லாரி ஓட்டுகிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். நீண்ட கடிதம் அது. சுருக்கித் தருகிறேன். ஐசி என்பது மலேசிய அடையாள அட்டை. நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு. எஸ்பிஆர் என்பது தேர்தல் ஆணையம்.

"என் அம்மா 1960இல் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்தவர். பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனையில் வேலை செய்தார். இன்றுவரை சிவப்பு ஐசிதான். பிறப்புப் பத்திரம் இல்லை. காலமான அப்பாவுக்கு நீல ஐசி. எனக்கும் மனைவிக்கும் நீலம்தான். மகனுக்கு 19 வயது, அவனுக்கும் நீலம். மகளுக்கு 17. அவள் நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை. பக்கத்து லயத்தில் தங்கியிருந்த ஒரு பெண், கல்யாணமாகாதவர், அரசாங்க மருத்துவமனையில் பிள்ளை பெற்று, சில நாளில் எங்கள் கையில் கொடுத்துவிட்டு ஜொகூர் பக்கம் போய்விட்டார். பிறப்புப் பத்திரத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது, ஐசி எண் இல்லை. குடியுரிமை என்ற இடத்தில் 'பெலும் டித்தெந்துகான்' என்று போட்டிருக்கிறார்கள். பிறகு நாங்கள் பதிவிலாகாவில் முறையாகத் தத்து எடுத்துக்கொண்டோம்.

இனி ஓட்டுப் பதிவுக்குப் பிறப்புப் பத்திரமும் குடியுரிமைச் சான்றும் காட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. எல்லாரையும் எஸ்பிஆர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகவா? அம்மா இத்தனை வருடம் சேமநிதி கட்டியவர். சத்தியப்பிரமாணம் எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துக்கொள்வார்களா? நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் நீல ஐசி எடுத்துத் தருவதாக ஊரில் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், சிவப்பு ஐசி இருக்கும் வீடு என்பதால் என் மகன் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். மகளுக்குத் தத்துப் பத்திரம் இருப்பதால் 18 வயதில் தானாக ஓட்டு வந்துவிடும்தானே?"

ஐயா, முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை ஓரமாக வைத்துவிடுங்கள். ஓட்டுப் பதிவுக்குக் குடியுரிமைப் பத்திரம் கேட்கும் சண்டை அமெரிக்காவில் நடப்பது. அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான் குடிமகன்தான் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுப் பெயரைப் பதியலாம். அது போதாது, பத்திரமும் காட்ட வேண்டும் என்று கான்சஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதனால் 31,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவு தடைப்பட்டது. 2018இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. நாடு முழுக்க அப்படி ஒரு விதி வேண்டும் என்ற முயற்சி அங்கே இன்னும் ஓயவில்லை. யாரோ அந்தச் செய்தியை மலேசியாவுக்கு வருவதுபோல் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமக்கள் எல்லாரும் தானாகவே வாக்காளராகப் பதியப்படுகிறார்கள். யாரும் பாரம் நிரப்ப வேண்டாம். தேசியப் பதிவிலாகா, அதாவது ஜேபிஎன், தன்னிடம் உள்ள விவரங்களைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கிறது. ஆணையம் அதை வைத்துத்தான் பட்டியல் போடுகிறது. இதற்கு முன்பு 21 வயதில் நாமே போய்ப் பதிந்த காலத்திலும் நீல ஐசியைக் காட்டினால் போதும், பிறப்புப் பத்திரத்தை யாரும் கேட்டதில்லை.

அப்படியானால் இங்கே சான்று கேட்பதே இல்லையா? கேட்கிறார்கள். ஆனால் தேர்தல் நேரத்தில் இல்லை, வெகு காலத்துக்கு முன்பே. பிள்ளை பிறந்து பத்திரம் எடுக்கும்போதும், 12 வயதில் ஐசி எடுக்கும்போதும் ஜேபிஎன் கவுன்டரில் கேட்கிறார்கள். அங்கே தீராத சிக்கல், 18 வயதில் ஓட்டு இல்லை என்று வெளியே தெரிகிறது. அமெரிக்காவில் தடுக்கப்பட்டவருக்கு, தன்னைத் தடுத்தார்கள் என்றாவது தெரிந்தது. இங்கே பெயர் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். எஸ்பிஆர் அலுவலகத்தில் எவ்வளவு வாதாடினாலும், எங்கள் கையில் இல்லை, ஜேபிஎன்னுக்குப் போங்கள் என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதமான நிலை. ஒரே விண்ணப்பத்தில் முடிகிற காரியம் இல்லை.

அம்மா: கேட்டு வாங்குவதா, இருப்பதை உறுதி செய்வதா?

சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), வருமான வரி எதுவும் குடியுரிமை தராது. அவர் இங்கே வாழ்ந்தார், உழைத்தார் என்பதற்கு அவை சாட்சி, அவ்வளவுதான். எத்தனை வருடம் கட்டினாலும் சிவப்பு ஐசிக்கு ஓட்டு இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர வைத்தது அம்மாவின் பிறந்த ஆண்டு. 1957 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயாக் கூட்டரசில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். தூதரகக் குடும்பம் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு, அவை உங்களுக்குப் பொருந்தாது. அரசமைப்பின் 14ஆவது பிரிவையும் இரண்டாம் அட்டவணையையும் சேர்த்துப் படித்தால் இது தெளிவாகத் தெரியும். 1962 அக்டோபரிலிருந்துதான் பெற்றோரின் தகுதியைப் பார்க்கும் முறை வந்தது. அம்மா 1960இல் சிலாங்கூர் தோட்டத்தில் பிறந்தது உண்மையானால், சட்டப்படி அவர் பிறந்த நாளிலிருந்தே குடிமகள். கையில் இருக்கும் கார்டின் நிறம் தப்பு என்று ஆகிறது.

இது எப்படி நடந்திருக்கும்? பிறப்பைப் பதியாமல் விட்டிருக்கலாம். 12 வயதில் ஐசி எடுக்கும்போது அவருடைய அப்பா கைநாட்டு வைக்க, கிராணி (தோட்டத்து எழுத்தர்) தனக்குத் தெரிந்தபடி பாரத்தை நிரப்பியிருக்கலாம். தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு 'பிறந்த இடம் இந்தியா' என்று எழுதி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கப்பலையே கண்ணால் பார்த்திராதவர்கள்.

சிவப்பு ஐசிக்காரர்களை வழக்கமாக 19ஆவது பிரிவுப்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அது வெளிநாட்டவர் குடிமகனாவதற்கான வழி. 12 வருடத்தில் 10 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், போதுமான மலாய் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து மலாயில் சந்தையையே விலை பேசி வாங்கும் அம்மாக்கள் அந்த நேர்காணலில் திணறிப் போகிறார்கள். மொழியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த வழி முழுக்க அரசாங்கத்தின் விருப்பம். காரணம் சொல்லாமல் மறுக்கலாம். அந்த முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசமைப்பே வேலி போட்டிருக்கிறது. 14ஆவது பிரிவு அப்படி இல்லை. அது சட்டம் தானாகக் கொடுத்த உரிமை. மொழித் தேர்வு கிடையாது. மறுத்தால் நீதிமன்றம் போய், நான் குடிமகள்தான் என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அதனால் அம்மா எடுக்க வேண்டிய வழி 30ஆவது பிரிவு. ஒருவரின் குடியுரிமை பற்றிச் சந்தேகம் இருந்தால், அவர் விண்ணப்பித்து, குடிமகன்தான் என்று அரசாங்கத்திடம் சான்றிதழ் கேட்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சான்றிதழ் கிடைத்துவிட்டால், மோசடி செய்து வாங்கியதாக இல்லாதவரை, அதற்கு மேல் யாரும் வேறு ஆதாரம் கேட்க முடியாது. கவுன்டரில் 19ஆவது பிரிவுப் பாரத்தை நீட்டினால் அன்றே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 'நான் குடிமகள் இல்லை, என்னை ஆக்குங்கள்' என்று சொல்வதும் 'நான் குடிமகள், உறுதி செய்யுங்கள்' என்று சொல்வதும் ஒன்றல்ல.

ஆனால் எல்லாம் 'தோட்டத்தில் பிறந்தார்' என்பதை நிரூபிப்பதில்தான் இருக்கிறது. அம்மா ஐசி எண்ணின் நடு இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 10 என்று இருந்தால் பதிவிலாகாவே அவர் சிலாங்கூரில் பிறந்ததாகக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். அது முடிவான சாட்சி இல்லை, நல்ல தொடக்கம். அடுத்து, அம்மா பெயரிலும் தாத்தா பாட்டி பெயரிலும் பிறப்புப் பதிவேட்டைத் தேடித் தரும்படி ஜேபிஎன்னில் விண்ணப்பியுங்கள். பத்திரம் தொலைந்திருந்தாலும் பதிவு இருக்கக்கூடும். பழைய தோட்டத்துப் பதிவுகளில் பெயர்கள் கண்டபடி எழுதப்பட்டிருக்கும். முனியம்மா 'மினியமா' ஆகியிருப்பார், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கங்காணி பெயர் இருக்கும். அதனால் தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதிக் கொடுங்கள்.

பதிவே கிடைக்கவில்லை என்றால் தாமதப் பிறப்புப் பதிவு. அதற்குத்தான் மற்ற காகிதங்கள் தேவைப்படும். அம்மா படித்த தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு மிக முக்கியம். தோட்டம் கைமாறியிருந்தாலும் பள்ளி வேறு இடத்துக்குப் போயிருந்தாலும் பழைய பதிவேடு பள்ளியோடு போயிருக்கலாம், தலைமையாசிரியரைக் கேளுங்கள். மாமா, பெரியம்மாக்களின் பிறப்புப் பத்திரங்கள், தாத்தா பாட்டியின் பழைய ஐசி, தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) எழுதிய சீட்டு, செக்ரோலில் (தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில்) தாத்தா பெயர், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

நீங்கள் கேட்ட சத்தியப்பிரமாணத்தின் இடம் இங்கேதான். அம்மா பிறந்ததை நேரில் அறிந்த பெரியவர்கள் இரண்டு பேர் சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மற்ற காகிதங்களுக்குத் துணையாக அது நிற்கும், தனியாக நிற்காது. எஸ்பிஆரிடம் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. கேள்விப்பட்டதைப் பார்த்ததாக எழுதச் சொல்லாதீர்கள். பொய்ச் சத்தியம் குற்றம், வயதானவர்களை அதில் மாட்டிவிடக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் எனக்கோ நீங்கள் பிடிக்கும் வக்கீலுக்கோ சொல்லுங்கள். அம்மா எப்போதாவது இந்தியக் கடப்பிதழ் எடுத்தாரா? 1969இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது பல தோட்டக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. சிலர் மீண்டும் வந்தார்கள். அந்தக் கதை உங்கள் வீட்டிலும் இருந்தால் வழி அடைந்துவிடாது, ஆனால் வாதத்தை வேறு மாதிரி அமைக்க வேண்டியிருக்கும்.

மகள்: இதுதான் அவசரம்

அம்மா விஷயம் இத்தனை வருடம் காத்திருந்தது, இன்னும் சில மாதம் காத்திருக்கும். மகளுக்கு அந்த நேரம் இல்லை.

தத்துப் பத்திரம் பிள்ளையை வளர்க்கும் உரிமையையும் பொறுப்பையும் உங்களுக்குச் சட்டப்படி தருகிறது. பிள்ளையைக் குடிமகள் ஆக்குவதில்லை. நிறையப் பேர் இதைத் தெரியாமல்தான் பிள்ளைக்கு 18, 20 ஆகும்வரை நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 'பெலும் டித்தெந்துகான்' என்றால் குடியுரிமை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்று பொருள். அப்படியே விட்டால் 18 வயதில் பட்டியலில் பெயர் வராது. ஓட்டு மட்டுமா? மேல்படிப்பு, வங்கிக் கணக்கு, கல்யாணப் பதிவு என்று ஒவ்வொன்றிலும் இடிக்கும்.

இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

முதல் வழி, பெற்ற தாயைத் தேடுவது. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கும். பிள்ளை பிறந்த நாளில் அந்தப் பெண் குடிமகளாக இருந்திருந்தால் உங்கள் மகள் பிறப்பாலேயே குடிமகள். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் மகள் பிறந்த ஆண்டில் இருந்த சட்டப்படி, தாய் நிரந்தரவாசியாக, அதாவது சிவப்பு ஐசிக்காரராக இருந்திருந்தாலும் போதும். ஆக, ஜொகூரில் அந்தப் பெண்ணையே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் அவருடைய ஐசி எண் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிரசவத்துக்குச் சேர்த்தபோது மருத்துவமனை ஏதாவது ஆவணம் பார்த்திருக்கும், கர்ப்பகாலத்தில் கிளினிக் கொடுத்த புத்தகத்திலும் எண் இருந்திருக்கும். பிறந்த நாளையும் தாயின் பெயரையும் குறிப்பிட்டு மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அவர் வேலை செய்த தோட்டத்து அலுவலகத்திலும், தத்து எடுத்தபோது நீங்கள் கொடுத்த கோப்பிலும் தேடுங்கள்.

இரண்டாவது, 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலை இருந்தால் 21 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருவது. மலேசியப் பெற்றோரின் தத்துப் பிள்ளைகள் பலர் இதன் வழியாகத்தான் நீல ஐசி பெற்றிருக்கிறார்கள். ஆனால் 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம் இந்த வயது வரம்பை 18 ஆகக் குறைக்கிறது. அதனால் 21 வரை இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். மகளின் 18ஆவது பிறந்த நாளுக்கு முன் விண்ணப்பம் உள்ளே போய், ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும். முன்பே யாராவது விண்ணப்பித்துப் பதில் வராமல் கிடக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

(அதே திருத்தம் இன்னொன்றும் செய்கிறது. இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் நிரந்தரவாசத் தகுதி மட்டும் இருந்தால் இனித் தானாகக் குடியுரிமை வராது. ஏற்கெனவே பிறந்தவர்களை அது தொடாது. பெற்றோர் இருவருமே சிவப்பு ஐசியாக இருக்கும் இளம் தம்பதிகள் இதைப் படித்தால், பிள்ளை பிறக்கும் முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள்.)

15ஏ விண்ணப்பம் அரசாங்கத்தின் விருப்பம், மறுப்புக் கடிதம் காரணம் இல்லாமலே வரலாம். வந்தால் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் சீராய்வு கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்து, அவகாசம் போன பிறகு கொண்டு வருகிறார்கள்.

மகன்: பயம் வேண்டாம், முகவரியைப் பாருங்கள்

ஓட்டு ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை. பாட்டிக்குச் சிவப்பு ஐசி என்பதால் பேரன் பெயரை யாராலும் வெட்ட முடியாது. அதே தொகுதி வாக்காளர் ஒருவர் பட்டியலில் உள்ள பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பது உண்மை. அதற்குப் பாரம் உண்டு, முன்பணம் உண்டு, விசாரணையும் உண்டு. அழைத்தால் மகன் நீல ஐசியோடு போய் நிற்கட்டும். அழைப்பைப் புறக்கணிப்பதுதான் ஆபத்து.

அவனுக்கு உண்மையில் வரக்கூடிய சிக்கல் வேறு. தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்து வீட்டுக்கு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். ஐசியில் பழைய தோட்ட முகவரியே இருந்தால் ஓட்டும் அந்த இடத்துக்கே போயிருக்கும். வீடு மாறினால் 30 நாளில் ஐசி முகவரியை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றிவிட்டு, மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் ஐசி எண்ணைப் போட்டு எந்தத் தொகுதி என்று பாருங்கள். பழையதே காட்டினால் தொகுதி மாற்றத்துக்கு எஸ்பிஆரிடம் தனியாக விண்ணப்பியுங்கள். உங்கள் வீட்டில் எஸ்பிஆர் வரை போக வேண்டிய ஒரே காரியம் இதுதான். தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அரசிதழில் வந்துவிட்ட பட்டியலை நீதிமன்றத்தில் கூடக் கேள்வி கேட்க முடியாதென்று 1958ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்கிறது.

நாலாயிரம் வெள்ளிக்காரர்

கொடுக்காதீர்கள். பணம் போவது ஒரு பக்கம். அவர் கொண்டுவருவது போலிக் கார்டாகவோ, உண்மையான கார்டில் பொய் விவரமாகவோ இருந்தால் மாட்டுவது அம்மாதான். தேசியப் பதிவு விதிகளில் மூன்று வருடம் வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம் இருக்கிறது. சபாவில் முறைகேடாக ஐசி கொடுத்த விவகாரத்துக்கு அரச விசாரணை ஆணையமே வைத்தார்கள். பதிவிலாகா இன்று ஒவ்வொரு காகிதத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாவிடம் நியாயமான உரிமை இருக்கிறது. ஒரு பொய்க் காகிதம் உள்ளே போனால் அந்த உரிமையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

உதவி வேண்டுமானால், நாடற்றவர் விவகாரத்தில் பல வருடமாகத் தோட்டப்புற மக்களோடு வேலை செய்யும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா அமைப்பு இருக்கிறது. சிலாங்கூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவும். ஜேபிஎன்னுக்குப் போகும்போது எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், மூலத்தைக் காட்டுங்கள், கையில் விட்டுவிட்டு வராதீர்கள். கவுன்டரில் வாய்ச் சொல்லாக 'முடியாது' என்றால் எழுத்தில் கேளுங்கள். யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இந்த வாரம் மகளுக்காக மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுங்கள், 15ஏ பாரத்தையும் வாங்குங்கள். அம்மாவின் பதிவேட்டுத் தேடலை அடுத்த வாரம் தொடங்கினால் போதும். தேடலுக்குப் பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள், 30ஆவது பிரிவு விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று அப்போது பார்ப்போம்.